தானாக எழாத இருக்கை

“அங்க போயும் எச்சித் தட்டுதான எடுக்கப் போறா? அதுக்கு எதுக்கு தங்கச்சி இவ்ளோ படிப்பு?”

எனக்கு விமானத்தில் வேலை கிடைத்த செய்தி எங்கள் சந்துக்கு வந்த அன்று, தாராவியில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் குழாயடியில், சாமுவேல் மாமா என் அம்மாவிடம் கேட்ட கேள்வி இது. அம்மா மாட்டுங்காவில் சில வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். அந்தக் கேள்வி எங்கே போய்க் குத்தும் என்று மாமாவுக்குத் தெரியும். அம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “தட்டு எடுத்தா என்னண்ணே, யூனிபாரம் போட்டுல்லா எடுக்கப் போறா” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செம்பூரிலிருந்தும் காட்கோபரிலிருந்தும் எங்கள் சந்துகளிலிருந்தும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஓய்வு பெறும் வயதுக்காரி இல்லை. ஆனால் சீருடையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, அந்த வகையில் ஓய்வு பெற்றவள்தான். பாதுகாப்புப் பாடங்களை வகுப்பில் உங்களுக்கு நன்றாகவே சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது ஒரு இருக்கையைப் பற்றியும் அதனால் ஒரு மனிதருக்கு நடந்ததைப் பற்றியும் மட்டும்தான். இதைப் படித்தால் தைரியம் வரும் என்று உங்களிடம் பொய் சொல்ல எனக்கு மனமில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு. அம்மா பஸ் நம்பரை அதன் வடிவத்தை வைத்து அடையாளம் கண்டுபிடிப்பாள். எனக்கு நகராட்சியின் தமிழ்ப் பள்ளி, அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் தடுக்கித் தடுக்கி விழுந்த கல்லூரி. மழைக்காலத்தில் சந்தில் தண்ணீர் ஏறினால் என்னைத் தோளில் தூக்கிப் போய்ப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டவர் அதே சாமுவேல் மாமாதான். தோல் பட்டறையில் பை தைக்கிறவர். எங்களுக்கு ரத்த சொந்தம் இல்லை. அம்மாவின் ஊர்ப்பக்கம் என்பதால் அவளுக்கு அண்ணன், எனக்கு மாமா. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். நான் பறக்க ஆரம்பித்த பிறகு அதே வாய், பட்டறைக்கு வரும் சேட்டிடம், “ஹமாரி ஜெபா ப்ளேன் மே ஹை”, எங்க ஜெபா ப்ளேன்ல இருக்கா, என்று இந்தியில் பீற்றிக்கொண்டிருந்ததையும் கேட்டிருக்கிறேன்.

அந்த இருக்கைக்கு வருகிறேன்.

விமானத்தின் கதவுகளை ஒட்டி நாம் உட்காரும் மடக்கு இருக்கையை ஜம்ப் சீட் என்போம். அதற்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. நாம் எழுந்த நொடியில் அது தானாக மேலே மடங்கிச் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். ஆபத்து நேரத்தில் உள்ளே புகை இருக்கும், விளக்கு இருக்காது, உங்கள் இரண்டு கைகளும் கதவைத் திறந்துகொண்டிருக்கும். முதுகுக்குப் பின்னால் கூட்டம் தள்ளும். அப்போது வழியில் ஒரு பலகை நீட்டிக்கொண்டிருந்தால் முதலில் வருகிறவர் அதில் இடறி விழுவார். அடுத்தவர் அவர்மேல் விழுவார். அதன் பிறகு அங்கே ஒரு கதவு இருந்து யாருக்கு என்ன பயன்?

அதனால்தான் புறப்படுமுன் நாம் செய்யும் சோதனையில் அந்த இருக்கையைக் கீழே இழுத்து, கையை எடுத்துவிட்டு, அது எழுகிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள்.

ஆனால் நம் வேலையில் வேறொரு மரியாதையும் உண்டு. ஜம்ப் சீட்டை அப்படியே விட்டால் ‘டப்’பென்று சுவரில் அடிக்கும். பின்வரிசையில் தூங்கும் குழந்தை அலறி எழும், அதன் அப்பா நம்மை முறைப்பார். ஆகவே நல்ல பணிப்பெண் என்பவள் எழும்போதே ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய், இருக்கையின் விளிம்பைப் பிடித்து, சத்தமில்லாமல் மேலே கொண்டுபோய் விடுவாள். எங்கள் பயிற்சியில் ஒரு சீனியர் இதை அவ்வளவு அழகாகச் செய்து காட்டினார். நாங்கள் எல்லோரும் அவரைப் போலவே செய்து பழகினோம். எனக்குப் பழக்கமே தேவைப்படவில்லை. எங்கள் ஒற்றை அறை வீட்டில் கட்டில், மேசை, நாற்காலி எல்லாமே மடக்குதான். இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு அப்பா தரையில் தூங்கிக்கொண்டிருப்பார். எழுந்தால் மடக்கு, மடக்கும்போது சத்தம் வராதே என்பதுதான் நான் வளர்ந்த விதம். சீனியர் என்னை வகுப்புக்கு முன்னால் நிறுத்தி, “இவளைப் பாருங்கள், எவ்வளவு நாசூக்கு” என்றார். அன்று முழுவதும் நான் தரையில் நடக்கவில்லை.

இப்படி எல்லோரும் கையால் தூக்கிவிடுகிற இருக்கையில் ஸ்பிரிங் உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்று யாருக்குத் தெரியும்? அந்தக் கேள்வி எனக்கு அப்போது தோன்றவில்லை. அங்கே யாருக்குமே தோன்றவில்லை.

சில வருடங்கள் பறந்த பிறகு, லீட் பதவிக்கு என் பெயர் வந்தது. லீட் என்றால் அந்த விமானத்தின் பணியாளர்கள் எல்லோருக்கும் பொறுப்பு. முன் கதவருகே நின்று கேப்டனிடம் ‘கேபின் தயார்’ என்று சொல்லும் ஆள். எங்கள் குடும்பத்தில் யாரும் எதற்கும் பொறுப்பாக இருந்ததில்லை. நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று உங்களுக்குப் புரியும். கடைசிச் சோதனைப் பயணம் மும்பையிலிருந்து மதுரைக்கு. என்னை மதிப்பிட வந்திருந்தவர் அதே சீனியர்.

அன்று காலை நான் புறப்படும் நேரத்தில் மாமா வாசலில் வந்து நின்றார். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார்.

“எங்கம்மை போயிட்டா, ஜெபா.”

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னைக்கு சாயங்காலமே அடக்கம்னு சொல்லிட்டாவ. எங்கண்ணன் எனக்காண்டி ஒரு நிமிஷம் காத்துக் கெடக்க மாட்டான். எங்களுக்குள்ள பேச்சுவார்த்த கெடையாதுன்னு ஒனக்கே தெரியும். ரயில்ல போனா எல்லாம் முடிஞ்சிரும் தாயி. ப்ளேன்ல எடம் கெடக்குமா?”

செல்போனில் பார்த்தேன். நான் போகும் விமானத்திலேயே கடைசி வரிசைகளில் இடம் இருந்தது. நானே எடுத்துக் கொடுத்தேன். “இதுலயே வாங்க மாமா. நாந்தான் இருக்கேன், பயப்படாதீங்க. மதுரையில எறங்கிக் கார் புடிச்சா நேரத்துக்குப் போயிரலாம்.” அவர் என் தலையில் கை வைத்தார். அதுதான் அவருக்கு முதல் விமானப் பயணம்.

பயணிகள் ஏறும்போது முன் கதவில் நான் கைகூப்பி நின்றேன். மாமா தானே தைத்த ஒரு பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது. ஆனாலும் என்னைச் சீருடையில் அவ்வளவு அருகில் பார்த்ததும் அந்த வாய் சும்மா இருக்கவில்லை.

“ஏ தட்டு எடுக்கறவளே, எனக்கு இன்னைக்கு ஒண்ணும் எறங்காது. கொஞ்சம் தண்ணி மட்டும் குடு.”

“உக்காருங்க மாமா, கொண்டு வரச் சொல்லுதேன்.”

பின்பக்கத்தில் ஒரு புதுப் பெண் இருந்தாள். இன்டர்காமில் அவளிடம் சொன்னேன். புறப்படுமுன் சோதனைகள் முடிந்து எல்லாப் பக்கத்திலிருந்தும் ‘ஓகே’ வந்திருந்தது. பயணிகள் ஏறி முடியும் நேரம். மாமா பெல்ட்டைப் போட்டுக்கொண்டாரா என்று பார்க்க நான் பின்னால் போனேன். நான் வருவதைப் பார்த்ததும் அந்தப் பெண் ஜம்ப் சீட்டிலிருந்து எழுந்தாள். ஒரு கையில் மாமாவுக்கான தண்ணீர், இன்னொரு கையில் யாரோ ஒரு குழந்தைக்கான சின்ன பெல்ட். இரண்டு கையும் நிறைந்திருந்ததால் இருக்கையைத் தூக்கிவிட அவளுக்குக் கையில்லை.

இருக்கை எழவில்லை.

அவள் சாதாரணமாக முழங்காலால் அதை மேலே தள்ளிவிட்டுத் தண்ணீரைக் கொடுக்கப் போனாள். நான் அதைக் கீழே இழுத்துக் கையை எடுத்தேன். அப்படியே நின்றது. மறுபடி இழுத்தேன், மறுபடி விட்டேன். கதவுக்கு முன்னால் நாக்கைத் துருத்தியது போல நீட்டிக்கொண்டிருந்தது.

“இது கொஞ்ச நாளாவே இப்படித்தான் மேம்” என்றாள் அந்தப் பெண் இந்தியில். “போன க்ரூவே சொன்னாங்க. கையால தூக்கி விட்டுட்டா நின்னுக்கும்.”

இப்போது நான் நின்ற இடத்தில் நீங்கள் நின்று பாருங்கள். அந்த இருக்கை ஆகாது என்று நான் சொன்னால், அந்தக் கதவருகே பணியாளர் உட்கார முடியாது. அப்படியென்றால் பயணிகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், பின்வரிசைகளைக் காலி செய்ய வேண்டும். யாரை இறக்குவார்கள் என்பதற்கு எங்கள் நிறுவனத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கடைசியாக டிக்கெட் எடுத்தவர்கள் முதலில் இறங்க வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் உலகத்தில் கடைசியாக டிக்கெட் எடுக்கிறவர்கள் யார்? சாவு விழுந்த வீட்டுக்காரர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தவர்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே யாருடைய பெயர் வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெயர்க்காரர் எனக்கு எட்டும் தூரத்தில் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, முழங்கால்மேல் கைகளை வைத்து, பள்ளிக்கூடப் பையன் போல உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

சீனியர் பின்னால் வந்தார். ஒரு பார்வையில் புரிந்துகொண்டார்.

“தூக்கி வைத்து ஒரு எக்ஸ்ட்ரா பெல்ட்டால் கட்டு. புறப்படும்போது அவள் அவிழ்த்துக்கொண்டு உட்காரட்டும்.”

“அவசரமாக வெளியேற வேண்டியிருந்தால் மேம்?”

“இத்தனை வருடமாகப் பறக்கிறாயே, ஒரு தடவையாவது பார்த்திருக்கிறாயா? நான் பார்த்ததில்லை.” அவர் குரலில் கோபம் இல்லை, அக்கறைதான் இருந்தது. “இன்று உன் சோதனைப் பயணம். அதை ஞாபகம் வைத்துக்கொள்.”

காக்பிட்டுக்குப் போனேன். கேப்டன் கெட்டவர் இல்லை. நான் சொல்லி முடித்ததும் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“நீ இப்போது சொன்னதை நான் கேட்டேனா, கேட்கவில்லையா?” என்றார். “நான் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன். திரும்பவும் வந்து சொன்னாயானால் என்ஜினியரைக் கூப்பிடுவேன். வராவிட்டால் கிளம்புவோம்.”

முடிவெடுப்பது அவர் வேலை. அன்று அதை ஒரு கோப்பைத் தேநீர் போல என் கையில் கொடுத்துவிட்டார். உங்களுக்கும் கொடுப்பார்கள். மரியாதை கொடுப்பது போலவே இருக்கும்.

காக்பிட் கதவுக்கு வெளியே நான் நின்றது கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் எனக்கு நானே எவ்வளவோ சொல்லிக்கொண்டேன். இந்த விமானம் இப்படியேதான் பறந்துகொண்டிருக்கிறது, இன்னும் ஒரு முறை பறந்தால் என்ன? மதுரையில் இறங்கியதும் சொல்லலாமே? இவ்வளவு நாள் யாரும் சாகவில்லையே? ஒவ்வொன்றும் நியாயமாகவே பட்டது. அதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது. மாமா அந்த வரிசையில் இல்லையென்றால் இவற்றில் ஒன்றாவது எனக்குத் தோன்றியிருக்குமா? வேறு யாரோ ஒரு முகம் தெரியாத பயணி என்றால் நான் இங்கே நின்றிருக்கவே மாட்டேன். நேரே போய்ச் சொல்லியிருப்பேன். அப்படியானால் என்னை இங்கே நிறுத்தி வைத்திருப்பது அந்த இருக்கையின் நிலைமை இல்லை, என் சொந்தம்.

திரும்பவும் உள்ளே போனேன். “சார், பின் ஜம்ப் சீட் எழவில்லை.”

அவர் பெருமூச்சு விட்டார். என்ஜினியரைக் கூப்பிட்டார்.

என்ஜினியர் வந்து இருக்கையை இழுத்தார், விட்டார், உதட்டைப் பிதுக்கினார். ஸ்பிரிங் போய்விட்டது, மாற்ற இப்போது கையில் இல்லை. இருக்கையை மேலே மடக்கிப் பூட்டி, ஒரு சிவப்பு அட்டையை மாட்டிவிட்டுப் போனார்.

யாராவது தாங்களாக முன்வந்து மறுநாள் விமானத்துக்கு மாறினால் பெயர் வாசிக்க வேண்டியிருக்காது. மைக்கை எடுத்தேன். இந்தியில் கேட்டேன், ஆங்கிலத்தில் கேட்டேன். யாரும் அசையவில்லை. பிறகு தமிழில் கேட்டேன். “உங்களோடு வருகிற ஒருவர் தன் தாயாரின் அடக்கத்துக்குப் போகிறார். அவருக்காக யாராவது நாளைக்கு வர முடியுமா?” என்று. அப்படிக் கேட்க எனக்கு உரிமையில்லை. சீனியரின் முகம் மாறியதைப் பார்த்தேன். பாதி விமானத்துக்குத் தமிழ் தெரியும். தலைகள் குனிந்தன. ஒருவர் மட்டும், “எல்லாருக்கும் ஒரு அவசரம் இருக்கத்தானம்மா செய்யும்” என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். அவர்மேல் எனக்கு இன்றும் கோபம் வரவில்லை. அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம்.

விமான நிலையத்து ஊழியர் ஒருவர் ஏறிவந்து பெயர்களை வாசித்தார்.

மாமா எழுந்து நின்று என்னைத் தேடினார். “நம்ம பேரச் சொல்லுதாவ, ஜெபா. தப்பா சொல்லுதாவ போல. நீ சொல்லேன்.”

நான் அருகில் போனேன். “மாமா, அந்த இருக்கை கெட்டுப்போச்சு. அதனால பின்னால இருக்கவங்கள எறக்குதாங்க. கடைசியா டிக்கெட் எடுத்தவங்கள.”

அவர் திரும்பிப் பார்த்தார். இருக்கை மடங்கிச் சுவரோடு சுவராக இருந்தது, அந்தச் சிவப்பு அட்டை மட்டும் தொங்கியது.

“நல்லாத்தான இருக்கு?”

“அது தானா எந்திரிக்க மாட்டேங்குது மாமா.”

“தானா எந்திரிக்கலன்னா கையால தூக்கி வையி. நம்ம வீட்டுல எல்லாம் அப்படித்தான செய்யுதோம்?”

யார்தான் அப்படிச் செய்யவில்லை?

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, அக்கம்பக்கத்தில் யாருக்கும் கேட்காமல் கேட்டார். “நான் அன்னைக்குக் கொழாயடில சொன்னத மனசுல வச்சிருந்தியா தாயி?”

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

“இல்ல மாமா” என்றேன். அதற்குமேல் சொல்ல நேரம் இல்லை. அவர் பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, வந்த வழியே முன் கதவுக்கு நடந்தார். வாசலில் ஒரு நிமிடம் நின்றார். “எங்கம்மைக்கு ஒரு பிடி மண்ணு...” என்றார். அப்புறம் இறங்கிப் போனார்.

பின்வரிசைகள் காலியாக விமானம் புறப்பட்டது. வானம் தெளிவாக இருந்தது. ஒரு குலுக்கல்கூட இல்லை. சாப்பாடு கொடுத்தோம். எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் நான் தட்டுகளை எடுத்தேன்.

மாமா மறுநாள் போனார். போய்ச் சேர்ந்தபோது அவருடைய அம்மாவின் கல்லறைமேல் மாலைகள் வாடத் தொடங்கியிருந்தன.

அதன்பின் நடந்தவற்றில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பாதுகாப்புக் குறை சொன்னதற்காக யாரும் என்னைத் திட்ட முடியாது, திட்டவும் இல்லை. ‘சூழ்நிலைக்கேற்ப வளைந்து கொடுக்கத் தெரியவில்லை, பயணிகளிடம் சொந்த விஷயத்தைப் பேசினார்’ என்று சீனியர் மதிப்பீடு கொடுத்தார். லீட் பதவி வேறொருத்திக்குப் போயிற்று. சில மாதம் கழித்து மறுபடி முயற்சி செய் என்றார்கள்.

சந்தில் கதை வேறு மாதிரி பரவியது. தட்டு எடுக்கிறவள் என்று சொன்ன மனுசனை அவர் அம்மாவின் சாவுக்குப் போக விடாமல் விமானத்திலிருந்து இறக்கிவிட்டாள், படித்த திமிர். மாமாவின் மனைவி குழாயடியில் என் அம்மாவைப் பார்த்தால் குடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவார். அம்மா எதையும் என்னிடம் கேட்கவில்லை. ஒரே ஒரு முறை, சோறு போட்டுக்கொண்டிருந்தவள், என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

“ஒரு நாளைக்குக் கண்டும் காணாம இருந்திருக்கக் கூடாதா, ஏட்டி?”

“ஏதாவது ஆயிருந்தா என்னம்மா பண்ணுவ?”

“ஒண்ணும் ஆவலியே.”

இந்த வேலையில் நீங்கள் சரியாக எடுக்கும் முடிவுக்கு ஒரு அடையாளமும் மிஞ்சாது. நடக்காமல் போனதை யாருக்கும் காட்ட முடியாது. காட்ட முடிவதெல்லாம் அதற்காக யார் எதை இழந்தார்கள் என்பதுதான். அந்த ஆள் உங்கள் சந்திலேயே குடியிருப்பார்.

ஆனாலும் நான் பறந்துகொண்டிருந்தேன். இதையும் தாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு நாள், புறப்படுமுன் ஆக்சிஜன் சிலிண்டரைச் சோதிக்கக் குனிந்தேன். அதில் ஒரு முள் உண்டு, பச்சைப் பகுதியில் நிற்க வேண்டும். பார்ப்பதற்கு முன்னால் என் மனசு, ‘பச்சையில இரு, பச்சையில இரு’ என்று கெஞ்சியது. முள் பச்சையில்தான் இருந்தது. மறுபடி பார்த்தேன், பச்சைதான். மூன்றாவது முறையும் பார்த்தேன். நேற்றுவரை அங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பார்த்தேன். இன்று சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பார்க்கிறேன். இன்னும் கொஞ்ச நாள் போனால் சிவப்பும் எனக்குப் பச்சையாகத் தெரிய ஆரம்பித்துவிடும். மாமாவை இறக்கியதைத் தாங்கிக்கொண்ட என்னால் அதைத் தாங்க முடியாது. அந்தக் கண்களை வைத்துக்கொண்டு நான் ‘ஓகே’ சொல்ல மாட்டேன் என்று ராஜினாமா கொடுத்தேன்.

விலகுவதற்கு முந்தைய நாட்களில் என்னைப் பயிற்சிக் கூடத்துக்கு உதவியாக அனுப்பினார்கள். உங்களில் பலரை அங்கேதான் பார்த்தேன். மாதிரி விமானத்தில் ஒவ்வொருவராக உட்கார்ந்து எழுந்தீர்கள். ஒவ்வொருவர் கையும் பின்னால் போனது, இருக்கையைப் பூப்போல மேலே கொண்டுபோய் விட்டது. சீனியர் தலையாட்டிப் பாராட்டிக்கொண்டிருந்தார். நான் உங்களில் ஒருத்தியிடம், “கையை எடு, அதுவே எழட்டும்” என்றேன். அவள் எடுத்தாள். இருக்கை ‘டப்’பென்று அடித்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தீர்கள். அவள் முகம் சிவந்து, “ஸாரி மேம்” என்றாள்.

சரியாக வேலை செய்த ஒரு இருக்கைக்காக அவள் மன்னிப்புக் கேட்டாள். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன்.

சில மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வரும் வழியில் மாமா எதிரே வந்தார். அவர் இறங்கிப் போன நாளுக்குப் பிறகு நாங்கள் பேசியதே இல்லை. என்னைக் கடந்து போனவர் நின்றார். திரும்பாமல் கேட்டார்.

“அந்தச் சீட்ட சரி பண்ணிட்டாவளா?”

“மறுநாளே பண்ணிட்டாங்க மாமா.”

“மறுநாளே” என்றார். “அத முந்துன நாளே பண்ணியிருந்தா நான் போயிருப்பேன், இல்லையா?”

“போயிருப்பீங்க மாமா.”

தலையை ஆட்டினார். தன் வழியே நடந்தார். என்னை மன்னித்தார் என்று நினைக்காதீர்கள். அதன் பிறகும் குழாயடியில் அவர் என்னைப் பார்ப்பதில்லை.

ஆனால் இத்தனை நாளாக எனக்குக் கேட்கத் தெரியாத கேள்வியை அவர் கேட்டுவிட்டார். அவரை இறக்கியது நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை என்று சந்து சொல்கிறது, நானும் இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தையை எனக்கு முந்தியே யாராவது சொல்லியிருந்தால் அவர் இறங்கியிருக்க வேண்டாம். அந்த ஸ்பிரிங் செத்த நாளிலிருந்து அந்த இருக்கையைச் சத்தமில்லாமல் தூக்கிவிட்ட ஒவ்வொரு நாசூக்கான கையும் சேர்ந்துதான் சாமுவேல் மாமாவைக் கதவுக்கு வெளியே தள்ளியது. அந்தக் கைகள் எல்லாம் நல்ல பிள்ளைகளின் கைகள். குழந்தை எழுந்துவிடக் கூடாதே என்று நினைத்த கைகள். இன்றைக்கும் எத்தனை விமானங்களில் எத்தனை இருக்கைகளை அந்தக் கைகள் தூக்கிவிட்டுக்கொண்டிருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. நான் எழுதுவதால் அது நிற்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

விமானத்தை முந்தின நாள் பார்க்கிறவர்கள் பராமரிப்புப் பொறியாளர்கள். நான் அந்தப் படிப்பில் சேர்ந்துவிட்டேன். திங்கட்கிழமை வகுப்பு தொடங்கிவிட்டது. என் வகுப்பிலேயே வயது கூடியவள் நான்தான். “ட்ராலி தள்ளிக்கிட்டு இருந்தவங்களுக்கு ஸ்பேனர் எதுக்கு அக்கா?” என்று பக்கத்து இருக்கைப் பையன் முதல் நாளே கேட்டுவிட்டான்.

அந்த வகுப்பறையில் இருப்பவையும் மடக்கு இருக்கைகள்தான். எழும்போதெல்லாம் என் கை தானாகப் பின்னால் போகிறது. இழுத்துக்கொள்கிறேன். ‘டப்’பென்று சத்தம் கேட்கிறது. எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.